டிராவல் டிரெய்லரில் சோலார்: கூரையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒயரைப் பாருங்கள்!

கேரவன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஷூட்டிங் ஸ்பாட்டில் நிற்கும் ஏசி வேன்தான். ஆனால், அமெரிக்காவில் இருக்கும் அண்ணனோ காலேஜ் தோழியோ வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோவில் இருப்பது வேறு சமாச்சாரம். அதற்கு இன்ஜின் கிடையாது. பிக்கப் டிரக்கின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் சக்கரம் வைத்த வீடு அது. உள்ளே கட்டில், கிச்சன், பாத்ரூம், ஃபிரிட்ஜ், ஹீட்டர் எல்லாம் உண்டு. பெயர், டிராவல் டிரெய்லர்.

டெக்ஸாஸில் ஐடி வேலை பார்க்கும் என் நண்பர் இப்படி ஒரு பழைய டிரெய்லரை வாங்கினார். நாலைந்து வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ஒரே வீக்கெண்டில் கூரையில் 400 வாட் சோலார் பேனல், உள்ளே லித்தியம் பேட்டரி, கட்டிலுக்கு அடியில் 2,000 வாட் இன்வெர்ட்டர் என்று மாட்டி முடித்துவிட்டார். முதல் பயணம். காலையில் மைக்ரோவேவில் பால் சுட வைத்திருக்கிறார். சில நிமிஷத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை. கட்டிலைத் தூக்கிப் பார்த்தால், இன்வெர்ட்டருக்குப் போகும் ஒயரைக் கையால் தொட முடியவில்லை. அந்தக் கட்டிலில்தான் அவருடைய ஆறு வயது பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

போனில் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “ஃபியூஸ் போட்டிருந்தேனே, அது ஏன் போகலை?”

இந்தக் கேள்விக்கான பதில் தெரிந்தால், டிரெய்லர் எலக்ட்ரிக்கல் சிஸ்டத்தில் முக்கால்வாசி புரிந்துவிடும். டிரெய்லரில் சோலார் போடுவது நல்ல விஷயம்தான். ஆனால், பெரும்பாலானோர் வாங்குகிற வரிசை தலைகீழாக இருக்கிறது என்பது என் கருத்து. முதலில் பேனல், பிறகு பேட்டரி, கடைசியில் கையில் கிடைத்த ஒயர் என்று போகிறார்கள். கணக்கு, பேட்டரி, ஒயர், ஃபியூஸ், கடைசியாகத்தான் பேனல் என்று இருக்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

ஒரே வண்டிக்குள் இரண்டு கரன்ட்

டிராவல் டிரெய்லருக்குள் இரண்டு மின் அமைப்புகள் அருகருகே ஓடுகின்றன.

ஒன்று, 12 வோல்ட் டி.சி. இது பேட்டரியிலிருந்து வருவது. விளக்குகள், தண்ணீர் பம்ப், ஹீட்டரின் ஃபேன், கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் அலாரம், புது மாடல்களில் ஃபிரிட்ஜ் என எல்லாம் இதில்தான் ஓடும்.

இரண்டாவது, 120 வோல்ட் ஏ.சி. அமெரிக்க வீடுகளில் பிளக்கில் வரும் அதே கரன்ட். கூரை ஏசி, மைக்ரோவேவ், சுவர் பிளக்குகள் இதில் ஓடும். கேம்ப்கிரவுண்டில் வண்டியை நிறுத்தி, தடிமனான கேபிளை அங்குள்ள கம்பத்தில் சொருகினால்தான் இது வரும்.

இரண்டுக்கும் நடுவே இரண்டு பெட்டிகள். கன்வெர்ட்டர் என்பது கம்பத்திலிருந்து வரும் 120 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றி பேட்டரியை சார்ஜ் செய்யும். இது ஏறக்குறைய எல்லா டிரெய்லரிலும் இருக்கும். இன்வெர்ட்டர் இதற்கு நேரெதிர்: பேட்டரியின் 12 வோல்ட்டை 120 வோல்ட்டாக மாற்றும். இது பல டிரெய்லர்களில் இருக்காது. நாம்தான் வாங்கி மாட்ட வேண்டும். நம் ஊரில் ‘இன்வெர்ட்டர்’ என்று சொல்லி வீட்டில் வைத்திருக்கும் பெட்டி இந்த இரண்டு வேலையையும் சேர்த்தே செய்கிறது. அதனால்தான் முதல்முறை டிரெய்லர் வாங்கும் நம்மவர்கள், “பேட்டரி இருக்கு, பிளக்கும் இருக்கு, அப்புறம் ஏன் லேப்டாப் சார்ஜ் ஏறலை?” என்று குழம்புகிறார்கள்.

சோலார் பேனல் இந்தக் கதையில் மூன்றாவது ஆள். அதன் வேலை பேட்டரியை நிரப்புவது, அவ்வளவுதான். நடுவில் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர் இருக்க வேண்டும். பேனலை நேராக பேட்டரியில் இணைத்தால் அளவுக்கு மீறி சார்ஜ் ஏறி பேட்டரி கெட்டுவிடும்.

“12 வோல்ட்தானே, என்ன ஆகிடும்?”

எல்லோரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். 12 வோல்ட்டைத் தொட்டால் ஷாக் அடிக்காது என்பது உண்மை. அதனால் ஆபத்தில்லை என்று நினைப்பது தப்பு. இங்கே ஆபத்து ஷாக்கில் இல்லை, சூட்டில் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: வாட் என்பது வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்கினால் வருவது. நம் ஊர் வீட்டில் ஒன்றரை டன் ஏசி ஓடும்போது, 230 வோல்ட்டில், சுமார் 7 ஆம்ப் கரன்ட் போகும். சாதாரண ஒயர் போதும். அதே வேலையை 12 வோல்ட்டில் செய்ய வேண்டுமானால் 130 ஆம்புக்கு மேல் வேண்டும். வோல்ட் குறைந்தால் ஆம்ப் ஏறும். ஒயரைச் சுடவைப்பது ஆம்ப்தான்.

என் நண்பரின் 2,000 வாட் இன்வெர்ட்டரை எடுத்துக்கொள்வோம். முழு லோடில் 2,000-ஐ 12-ஆல் வகுத்தால் 167 ஆம்ப். இன்வெர்ட்டருக்குள் நடக்கும் இழப்பையும் சேர்த்தால் 185 ஆம்ப் வரை போகும். இதற்கு 67 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் வேண்டும். அமெரிக்கக் கணக்கில் அதை 2/0 என்பார்கள். அவர் போட்டிருந்தது 8 நம்பர் ஒயர், அதாவது வெறும் 8 சதுர மில்லிமீட்டர் சொச்சம்.

அமெரிக்க ஒயர் கணக்கில் ஒரு விசித்திரம் உண்டு. நம் ஊரில் ஒன்றரை, இரண்டரை, நாலு ஸ்கொயர் என்று நம்பர் ஏற ஏற ஒயர் தடிமனாகும். அங்கே தலைகீழ். 14 நம்பர் ஒயர் மெலிசு, 10 நம்பர் அதைவிடத் தடிமன், 2 நம்பர் இன்னும் தடிமன். பூஜ்ஜியத்தைத் தாண்டி 2/0, 4/0 என்று போனால் விரல் தடிமனுக்கு வந்துவிடும். இங்கிருந்து போனவர்கள் 8 என்றதும் பெரிய ஒயர் என்று நினைத்துவிடுவதும் நடக்கிறது.

நம்பிக்கை வரவில்லையா? உங்கள் வீட்டு இன்வெர்ட்டரையே போய்ப் பாருங்கள். அதிலிருந்து சுவருக்குப் போகும் ஒயர் மெலிசாக இருக்கும். பேட்டரிக்குப் போகும் சிவப்பும் கறுப்பும் மட்டும் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்கும். அதே சக்திதான் இரண்டிலும் போகிறது. ஆனால் பேட்டரி பக்கம் 12 வோல்ட். அந்தத் தடிமனுக்கும் குட்டைக்கும் காரணம் அதுதான்.

ஒயர் மட்டுமல்ல, இணைப்புகளும் சுடும். ஒரு லூஸ் கனெக்‌ஷனில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 150 ஆம்ப் போகும்போது அந்த ஒரே புள்ளியில் 225 வாட் சூடு உருவாகும். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்பதை ஒரே இடத்தில் வைத்தது மாதிரி. அதுவும் டிரெய்லர் என்பது ரோட்டில் குலுங்கிக்கொண்டே போகும் வீடு. இன்று இறுக்கமாக இருக்கும் போல்ட் ஆயிரம் மைல் கழித்து அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. சுற்றிலும் மரச்சட்டம், பிளைவுட், ஃபோம். தீ பிடித்தால் வெளியே வர அதிக நேரம் இருக்காது.

ஃபியூஸ் யாருக்குக் காவல்?

இப்போது நண்பரின் கேள்விக்கு வருவோம். ஃபியூஸ் ஏன் போகவில்லை?

அவர் போட்டிருந்தது 200 ஆம்ப் ஃபியூஸ். இன்வெர்ட்டரோடு வந்த புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. ஆனால் அதே பக்கத்தில், எந்தத் தடிமனில் ஒயர் போட வேண்டும் என்றும் எழுதியிருந்தது. ஃபியூஸை மட்டும் வாங்கியவர், ஒயரை கராஜில் கிடந்ததிலிருந்து வெட்டி எடுத்துக்கொண்டார். அந்த ஒயர் 100 ஆம்பைக்கூடத் தாங்காது. மைக்ரோவேவ் இழுத்ததோ 130 ஆம்புக்கு மேல். ஃபியூஸைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது, 200-ஐத் தாண்டவில்லையே! ஒயர் கருகிக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது.

ஃபியூஸ் இருப்பது கருவியைக் காப்பாற்ற என்று பலரும் நினைக்கிறோம். அது காப்பாற்றுவது ஒயரை. ஆகவே ஃபியூஸின் அளவு, கருவிக்குத் தேவையான கரன்டைவிடக் கொஞ்சம் அதிகமாகவும் ஒயர் தாங்கும் கரன்டைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இடமே இல்லையென்றால் ஒயர் மெலிசு என்று அர்த்தம். ஃபியூஸைப் பெரிதாக்குவது அதற்குத் தீர்வு ஆகாது.

இந்தத் தப்பு நமக்குப் புதிதும் இல்லை. பழைய வீடுகளில் மீட்டர் போர்டில் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை இருக்கும். அடிக்கடி ஃபியூஸ் போனால், வீட்டுப் பெரியவர் யாராவது ரெண்டு மூணு செம்புக் கம்பியை முறுக்கி வைத்து, “இனிமே போகாது பாரு” என்பார். போகாதுதான். அதற்குப் பதில் வேறு எதுவோ போகும்.

ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே உள்ள ஒயருக்குக் காவலே கிடையாது. அங்கே தோல் உரிந்து இரும்பு ஃபிரேமில் பட்டால் நிறுத்த யாரும் இல்லை. டிரெய்லரின் ஃபிரேமே நெகட்டிவ் ஒயராகவும் பயன்படுகிறது என்பதால் இது வெறும் கற்பனை பயமில்லை.

லித்தியம் பேட்டரியில் இன்னொரு சிக்கல். ஷார்ட் ஆனால் அது ஆயிரக்கணக்கான ஆம்ப் கரன்டை ஒரே நொடியில் கொட்டும். சாதாரண ஃபியூஸ் உருகினாலும், அந்த இடைவெளியில் தீப்பொறி தாண்டிக் கரன்ட் தொடர்ந்து பாயலாம். ஏ.சி. கரன்டாவது நொடிக்கு நூறு தடவைக்கு மேல் பூஜ்ஜியத்தைத் தொட்டுவிட்டு வரும். தீப்பொறி அணைய வாய்ப்பு உண்டு. டி.சி. அப்படி ஓய்வே எடுக்காது. இதனால்தான் பெரிய லித்தியம் பேட்டரிக்கு ‘கிளாஸ் டி’ என்ற வகை ஃபியூஸைப் பரிந்துரைக்கிறார்கள். 20,000 ஆம்ப் ஷார்ட் சர்க்யூட்டையும் அறுத்துவிடும் வகையில் செய்யப்பட்டது அது. விலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் மொத்த செலவில் அது ஒரு சின்னப் பங்குதான்.

ஒரு நாளைக்கு எத்தனை யூனிட்?

வாங்குவதற்கு முன்னால் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்தாலே போதும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், அரசு நிலங்களில் பல இடங்களில் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். அங்கே கம்பமும் இல்லை, பிளக்கும் இல்லை. இதை ‘பூன்டாக்கிங்’ என்கிறார்கள். சோலார் போடுபவர்களில் பலரின் கனவும் இதுதான். அங்கே லேப்டாப்போடு உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவரின் ஒரு நாள் கணக்கைத் தோராயமாகப் போடுவோம்.

12 வோல்ட் ஃபிரிட்ஜ்: 600 வாட்-மணி.
60 வாட் லேப்டாப், 8 மணி நேரம்: 480.
10 வாட் வைஃபை ரவுட்டர், 24 மணி நேரம்: 240.
ஹீட்டரின் ஃபேன், 85 வாட், இரவில் 4 மணி நேரம்: 340.
விளக்கு, பம்ப், போன் சார்ஜ்: 150.

மொத்தம் 1,810 வாட்-மணி. ஈபி கணக்கில் சொன்னால் ஒரு நாளைக்கு 1.8 யூனிட். நம் வீட்டு பில்லோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் இதை பேட்டரியில் சேர்த்துவைப்பது சுலபமில்லை.

டிரெய்லரோடு வரும் சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி 100 ஆம்ப்-மணி என்றே வைத்துக்கொள்வோம். அதில் 1,200 வாட்-மணி இருக்கும். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கையில் நிற்பது 600. அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 1,280 வாட்-மணி. ஏறக்குறைய முழுவதையும் பயன்படுத்தலாம். எப்படிப் பார்த்தாலும் இந்தக் கணக்குக்கு ஒரு லித்தியம் போதாது, இரண்டு வேண்டும்.

இனி பேனல். 400 வாட் பேனல் நாள் முழுக்க 400 வாட் தராது. கூரையில் படுக்கவைத்த பேனலுக்கு, முழு வெயிலுக்குச் சமமாக 4 மணி நேரம் கிடைக்கிறது என்று வைத்து, சூடு, தூசி, ஒயர் இழப்பு போக முக்கால் பங்கு எடுத்தால், 400 x 4 x 0.75 = 1,200 வாட்-மணி. தினமும் 600 குறைகிறது. சில நாட்களிலேயே ஃபிரிட்ஜ் நின்றுவிடும். இந்த ஆளுக்குக் குறைந்தது 600 வாட் பேனல் தேவை.

“சரி, ஏசியும் போட்டுக்கலாமா?” என்று கேட்கிறீர்களா? கூரை ஏசி ஏறக்குறைய 1,500 வாட் இழுக்கும். எட்டு மணி நேரம் ஓடினால் 12 யூனிட். அதற்கு மட்டும் பத்து 100 ஆம்ப்-மணி லித்தியம் பேட்டரி வேண்டும். விற்பவர் “ஓடும் சார்” என்பார். எவ்வளவு நேரம் ஓடும் என்று கேளுங்கள்.

சீரியலா, பேரலலா?

பேனல்களை எப்படி இணைப்பது என்பதில்தான் நிறைய சண்டை நடக்கிறது. விஷயம் எளிமையானது. ஒரு 100 வாட் பேனல் சுமார் 18 வோல்ட்டில் 5.5 ஆம்ப் தருகிறது. இப்படி நான்கு பேனல்கள். சீரியலில் இணைத்தால் வோல்ட் கூடும்: 72 வோல்ட், 5.5 ஆம்ப். பேரலலில் இணைத்தால் ஆம்ப் கூடும்: 18 வோல்ட், 22 ஆம்ப். வாட் இரண்டிலும் ஒன்றே.

ஆனால் ஒயருக்கு இரண்டும் ஒன்றல்ல. கூரையிலிருந்து கன்ட்ரோலருக்குப் போய்வர மொத்தம் 10 மீட்டர், 10 நம்பர் ஒயர் என்று வைத்துக்கொள்வோம். சீரியலில் அந்த ஒயரில் வீணாவது ஒரு வாட். பேரலலில் 16 வாட். ஆம்ப் நாலு மடங்கானால் இழப்பு பதினாறு மடங்கு.

அப்படியானால் எப்போதும் சீரியல்தானா? இல்லை. திருவிழா சீரியல் லைட்டில் ஒரு பல்பு போனால் மொத்த வரிசையும் அணைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். பேனலில் அந்த அளவுக்கு மோசமில்லை. உள்ளே இருக்கும் பைபாஸ் டயோடு, நிழல் விழுந்த பகுதியைச் சுற்றிக் கரன்டை அனுப்பிவிடும். ஆனாலும் மரத்தடியில் நிறுத்துபவர்களுக்கும், கூரை ஏசியின் நிழல் பேனல்மேல் விழுபவர்களுக்கும் பேரலல் கொஞ்சம் கைகொடுக்கும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பேனல்களை பேரலலில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் வேண்டும். ஒரு பேனல் ஷார்ட் ஆனால் மற்றவை எல்லாம் சேர்ந்து அதற்குள் கரன்டைத் தள்ளும்.

கன்ட்ரோலரும் இதில் சேர்த்தி. விலை குறைந்த பி.டபிள்யூ.எம். வகை, பேனலின் வோல்ட்டை பேட்டரி அளவுக்கு இழுத்துவிடும். 100 வாட் பேனலில் 70 வாட் சொச்சம்தான் கிடைக்கும். சீரியலில் போட்டால் இன்னும் வீண். எம்.பி.பி.டி. வகை அதிக வோல்ட்டை வாங்கி, பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டாக மாற்றி, ஆம்பைக் கூட்டித் தரும். சீரியல் இணைப்பு என்றால் எம்.பி.பி.டி. கட்டாயம்.

மாட்டும்போது கன்ட்ரோலருக்கு பேட்டரியை முதலிலும் பேனலைப் பிறகும் இணையுங்கள். கழற்றும்போது பேனலை முதலில். வெயிலில் கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் பிளக்கைப் பிடுங்காதீர்கள், தீப்பொறி தாண்டும்.

குளிர் செய்யும் வேலை

சென்னையில் இருப்பவருக்குத் தோன்றாத ஒரு பிரச்சினை அங்கே உண்டு. சோலார் பேனல் குளிரில் அதிக வோல்ட் தரும். லேபிளில் எழுதியிருப்பது 25 டிகிரி செல்சியஸில் அளந்தது. அதற்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 சதவீதம் ஏறும். லோடு இல்லாதபோது 22 வோல்ட் காட்டும் பேனல்கள் நான்கை சீரியலில் போட்டால் 88 வோல்ட். மைனஸ் 20 டிகிரி காலையில் அது ஏறக்குறைய 100 வோல்ட்டைத் தொடும். உங்கள் கன்ட்ரோலர் 100 வோல்ட் வரைதான் தாங்கும் என்றால், டெக்ஸாஸில் மூன்று வருடம் ஒழுங்காக ஓடியது மின்னசோட்டாவில் ஒரே காலையில் போய்விடலாம்.

லித்தியம் பேட்டரிக்கும் குளிர் ஆகாது. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதிலிருந்து கரன்ட் எடுக்கலாம்; ஆனால் சார்ஜ் ஏற்றக் கூடாது. ஏற்றினால் உள்ளே நிரந்தரச் சேதம். வெயில் வந்ததும் பேனல் இதையெல்லாம் பார்க்காமல் சார்ஜ் செய்ய ஆரம்பிக்கும். ஆகவே, குளிரில் சார்ஜைத் தானாகவே நிறுத்தும் வசதியுள்ள பேட்டரியையே வாங்க வேண்டும்.

கம்பத்தில் சொருகும்போது

சோலார் போட்டவர்களும் ஒருநாள் கேம்ப்கிரவுண்டு கம்பத்தில் சொருகத்தான் போகிறார்கள். இரண்டு விஷயங்கள் மட்டும்.

முதலாவது, 30 ஆம்ப் பிளக். டிரெய்லரின் 30 ஆம்ப் பிளக் 120 வோல்ட்டுக்கானது. ஆனால் அமெரிக்க வீடுகளில் துணி டிரையருக்கான 30 ஆம்ப் பிளக் 240 வோல்ட். வீட்டு வாசலில் டிரெய்லருக்காகப் புது பாயிண்ட் போடச் சொன்னால், பழக்கதோஷத்தில் 240 வோல்ட் கொடுத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. சொருகிய நொடியில் மைக்ரோவேவ், கன்வெர்ட்டர் எல்லாம் காலி. மீட்டர் வைத்துப் பார்க்காமல் புது பாயிண்டில் சொருகாதீர்கள்.

இரண்டாவது, எர்த். டிரெய்லரின் வெளிப்புறம் அலுமினியத் தகடு, அடியில் இரும்பு. கம்பத்தில் எர்த் அறுந்திருந்து, உள்ளே எங்காவது கசிவும் இருந்தால், மொத்த வண்டியும் கரன்டுக்கு வந்துவிடும். ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடும் குழந்தைக்குத்தான் அது முதலில் தெரியும். கதவில் லேசாக ‘ஜிவ்’ என்றால்கூட பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மறுவேலை. நியூட்ரலையும் எர்த்தையும் டிரெய்லர் பேனலுக்குள் ஒன்றாக இணைக்கக் கூடாது என்று அமெரிக்காவின் தேசிய மின் விதிமுறை சொல்வதும் இந்தக் காரணத்தால்தான். இன்வெர்ட்டரை வீட்டு ஒயரிங்கோடு இணைப்பவர்கள் தெரியாமல் மீறுவது இந்த விதியைத்தான். இந்த ஒரு வேலையை மட்டுமாவது தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

‘சோலார் ரெடி’ ஸ்டிக்கர்

இப்போது என் புகாருக்கு வருகிறேன். புது டிரெய்லர்களில் பலவற்றில் ‘சோலார் ரெடி’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதற்கு ஒரே அர்த்தம் இல்லை. சில வண்டிகளில் கூரையிலிருந்து பேட்டரிவரை ஒயர் ஓடுகிறது. சிலவற்றில் பக்கவாட்டில் ஒரு சொருகி மட்டும் இருக்கிறது. பேனல் இல்லை, பேட்டரி சாதாரணமானது. அந்தச் சொருகிகளிலும் பிளஸ், மைனஸ் திசை பிராண்டுக்கு பிராண்டு மாறும். மாற்றிச் சொருகினால் ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம். கன்ட்ரோலர் போனால் செலவு.

வாங்குபவருக்குத் தேவை அந்த ஒயரின் தடிமன், அது தாங்கும் ஆம்ப், ஃபியூஸ் இருக்கும் இடம், ஒயர் எங்கே போய் முடிகிறது என்ற நான்கு தகவல்கள். ஸ்டிக்கரில் இவை இருக்காது. டயரில் எவ்வளவு காற்று அடிக்க வேண்டும், எவ்வளவு எடை ஏற்றலாம் என்றெல்லாம் வண்டியிலேயே எழுதி ஒட்டுகிறார்கள். இந்த நான்கு வரியையும் எழுதி ஒட்டுவதில் என்ன கஷ்டம்?

இதற்கு எதிர்வாதம் உண்டு. “வாங்குறவங்களுக்கு இதெல்லாம் புரியாது, எதுக்கு பயமுறுத்தணும்?” என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதே ஆட்கள் போனின் பேட்டரி எத்தனை மில்லி ஆம்ப், சார்ஜர் எத்தனை வாட் என்று ஒப்பிட்டுப் பார்த்து வாங்குகிறவர்கள்தான். புரியாததால் கேட்காமல் இல்லை. யாரும் எழுதிவைக்காததால் கேட்கத் தெரியவில்லை.

இன்னொரு பக்கம், “நீங்களே செய்யாதீர்கள், நிபுணரிடம் விடுங்கள்” என்று சொல்லி முடித்துவிடுவதும் பாதிப் பதில்தான். நிபுணர் செய்த வேலையையும் சரிபார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒயரை அவர் மாட்டட்டும்; கணக்கு நம் கையில் இருக்கட்டும். வகுத்தலும் பெருக்கலும் தாண்டி இதில் எதுவும் இல்லை.

வாங்கப்போகிறீர்களா? அல்லது அமெரிக்காவில் வாங்கப்போகும் அண்ணனுக்கு இதை ஃபார்வர்டு செய்யப்போகிறீர்களா? மூன்று கேள்விகள் போதும். முழு லோடில் இந்த ஒயரில் எத்தனை ஆம்ப் போகும்? இந்த ஒயர் எத்தனை ஆம்ப் தாங்கும்? நடுவில் உள்ள ஃபியூஸ் எத்தனை ஆம்ப், எங்கே இருக்கிறது? மூன்றுக்கும் நம்பராகப் பதில் வராவிட்டால், பேனலைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

என் நண்பர் இன்வெர்ட்டரை பேட்டரிக்குப் பக்கத்திலேயே மாற்றிவிட்டார். ஒயரின் நீளம் இப்போது ஒரு மீட்டர்கூட இல்லை, தடிமன் 2/0. பேட்டரியை ஒட்டியே கிளாஸ் டி ஃபியூஸ். எல்லாம் மாட்டிய பிறகு மைக்ரோவேவை பத்து நிமிஷம் ஓடவிட்டு, ஒயரையும் ஒவ்வொரு இணைப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்த்திருக்கிறார். லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்குகிறார். பேனல் அதே பழைய 400 வாட்தான். இன்னும் இரண்டு வாங்க வேண்டுமாம். அவசரமில்லை என்கிறார்.